கருத்துக்களத்தில் ஸ்பேமையும் பாட் கணக்குகளையும் கையாளுதல்: நிர்வாகிகளுக்கான முழுமையான வழிகாட்டி

காலையில் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும் ஒருவர், முந்தைய இரவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய உறுப்பினர்கள் சேர்ந்திருப்பதையும், அவர்களில் ஒருவர்கூட ஒரு சொல்லும் எழுதாதிருப்பதையும் கண்டால், களம் புகழ் பெற்றுவிட்டது என்று மகிழ்வதற்கு இடமில்லை. பெயர்கள் எழுத்தும் எண்ணும் கலந்த குவியலாக இருக்கும். தன்விவரப் பக்கத்தில் மட்டும் ஏதேனும் ஒரு கடன் சேவைக்கோ சூதாட்டத் தளத்துக்கோ ஓர் இணைப்பு இருக்கும். மனிதருக்குப் பதிலாக நிரல்கள் இயக்கும் இத்தகைய 'பாட்' கணக்குகளை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து நீக்குவதிலேயே பல நிர்வாகிகள் தங்கள் ஓய்வு நேரத்தை இழக்கிறார்கள். அந்த வேலைக்கு முடிவே கிடையாது, ஏனெனில் ஒரு கணக்கை நீக்க நமக்கு ஒரு நிமிடம் ஆகிறது. அதை உருவாக்க எதிர்த்தரப்புக்கு ஏறத்தாழ எதுவுமே செலவாவதில்லை.

ஸ்பேம் எனப்படும் வேண்டாத விளம்பரப் பெருக்கில் இந்தச் சமமின்மை புதிதன்று. 1994 ஏப்ரலில் அமெரிக்க வழக்கறிஞர்கள் இருவர், குடியேற்ற உரிமை தொடர்பான தங்கள் சேவைக்கான விளம்பரத்தை, இணையத்தின் தொடக்ககால விவாத வலையமைப்பான யூஸ்நெட்டின் 5,000க்கும் மேற்பட்ட செய்திக்குழுக்களில் இட்டார்கள். அதைச் செய்து முடித்தது ஒரு சிறு நிரல். ஆகவே, "இந்தக் கணக்கு மனிதரா, இயந்திரமா?" என்று கேட்பதைவிட, "இந்தக் கணக்குக்கு இங்கே என்ன ஆதாயம் கிடைக்கிறது, அது கிடைக்காமற் செய்வது எப்படி?" என்று கேட்பதே பயன் தரும். கீழ்வரும் படிகள் அனைத்தும் அந்த இரண்டாவது கேள்வியை ஒட்டியே வகுக்கப்பட்டவை.

படி 1: கணக்கு எதை நாடி வருகிறது என்று பிரித்தறியுங்கள்

எல்லாப் பாட் கணக்குகளுக்கும் ஒரே நோக்கம் இருப்பதில்லை. நோக்கம் மாறினால் மருந்தும் மாறும் என்பதால், எதையும் நீக்குவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கையில் இருக்கும் இருபது முப்பது கணக்குகளை வகைப்படுத்திப் பார்ப்பது நல்லது.

மிகப் பெரும்பாலானவை இணைப்புக்காக வருபவை. தேடுபொறிகள் ஒரு தளத்தை மதிப்பிடும்போது, அதற்கு வெளியிலிருந்து வரும் இணைப்புகளையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. எனவே பழைமையும் நற்பெயரும் உள்ள களம் ஒன்றில் தன் தளத்துக்கு ஓர் இணைப்பு இருந்தாலே போதும் என்று அந்தக் கணக்கை ஏவியவர் நினைக்கிறார். அவருக்கு உங்கள் உறுப்பினர்கள் எவரும் அதைச் சொடுக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. தன்விவரப் பக்கம், கையொப்பப் பகுதி, ஐந்தாண்டுகளுக்கு முன் முடிந்துபோன ஓர் இழையின் (உரையாடல் தொடரின்) கடைசி மறுமொழி என எவரும் பார்க்காத மூலைகளில் இவை தங்குவதற்குக் காரணம் அதுவே.

இரண்டாம் வகைக்கு ஏமாறும் மனிதர்கள் தேவை. போலி முதலீடு, கடவுச்சொல் திருட்டு, போலி வாடிக்கையாளர் சேவை எண் ஆகியவற்றைப் பரப்பும் இக்கணக்குகள் பெரும்பாலும் தனிமடலையே நாடும், ஏனெனில் பொதுவெளியில் எழுதினால் யாரேனும் எச்சரித்துவிடுவார்கள். எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும், உண்மையான இழப்பை உண்டாக்குபவை இவையே.

மூன்றாம் வகை உறங்கும் கணக்குகள். பதிவு செய்துகொண்டு மாதக்கணக்கில் எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு, புதியவர்களுக்கான கட்டுப்பாடுகள் விலகிய பிறகு விழித்தெழும். அல்லது பழைய இழையிலிருந்து வேறொருவர் எழுதிய பத்தியை அப்படியே நகலெடுத்து இட்டு நற்பெயர் சேர்த்துக்கொண்டு, பின்னொரு நாள் அதைத் திருத்தி உள்ளே இணைப்பைச் செருகும். நான்காம் வகை, கடவுச்சொல் களவு போன உண்மையான உறுப்பினரின் கணக்கு. அதை ஏழாம் படியில் தனியே பார்ப்போம்.

பலரும் கவனிக்கத் தவறும் ஐந்தாம் வகை ஒன்றும் உண்டு. இங்கே தாக்கப்படுவது உங்கள் களமே அன்று. யாரோ ஒருவரின் மின்னஞ்சல் முகவரியை நூற்றுக்கணக்கான தளங்களின் பதிவுப் படிவங்களில் இட்டு, உறுதிப்படுத்தல் மடல்களால் அவருடைய அஞ்சல்பெட்டியை நிரப்புவது இதன் நோக்கம். வங்கியிலிருந்து வரும் எச்சரிக்கை மடல் அந்தக் குவியலில் புதைந்துபோவதற்காகவும் இப்படிச் செய்வதுண்டு. உங்கள் படிவம் அதற்கு ஒரு கருவியாகிறது, உங்கள் அஞ்சல் வழங்கியின் நற்பெயரும் சேர்ந்து கெடுகிறது. உறுதிப்படுத்தப்படாத கணக்குகள் திடீரென்று பெருகினால், இந்த வகையையும் ஐயுற வேண்டும்.

படி 2: கணக்குகளின் வருகையை நிறுத்துங்கள், ஆனால் எதையும் அழிக்காதீர்கள்

தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போது செய்ய வேண்டியவை சிலவே. புதிய உறுப்பினர் பதிவைத் தற்காலிகமாக மூடுங்கள், அல்லது நிர்வாகியின் ஒப்புதலுக்குப் பின்னரே கணக்கு இயங்கும்படி மாற்றுங்கள். கடந்த ஒரு வாரத்தில் சேர்ந்தவர்கள் எழுதும் பதிவுகள் யாவும் ஒப்புதல் வரிசையில் நிற்கும்படி செய்யுங்கள். தரவுத்தளத்தை முழுமையாக நகலெடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். களத்தின் மென்பொருளும் அதன் செருகுநிரல்களும் பழைய பதிப்பில் இருந்தால் அவற்றைப் புதுப்பியுங்கள். பரவலாகப் பயன்படும் மென்பொருள்களின் பதிவுப் பக்கம் எந்த முகவரியில் இருக்கும், அதில் எந்தப் புலத்துக்கு (நிரப்ப வேண்டிய கட்டத்துக்கு) என்ன பெயர் என்பதெல்லாம் ஸ்பேம் நிரல்களில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும்.

நீக்கும் பொத்தானை இப்போதைக்குத் தொட வேண்டாம். அந்தக் கணக்குகளின் பதிவு நேரம், இணைய இணைப்பை அடையாளங்காட்டும் ஐபி முகவரி, மின்னஞ்சல் களப்பெயர் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதி), இணைப்புகள் சுட்டும் தளங்கள் ஆகிய யாவும் அடுத்து வரும் படிகளுக்குத் தேவைப்படும் சான்றுகள்.

படி 3: பதிவு வாயிலைச் சீரமையுங்கள்

வாயிலில் ஒரே ஒரு பெரிய பூட்டைத் தொங்கவிடுவதைவிட, மனிதர் உணராத சிறு தடைகள் பலவற்றை அடுத்தடுத்து வைப்பதே சிறந்தது. அவற்றுள் மிக எளியது, பொறிப்புலம். படிவத்தில் மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு புலத்தைச் சேர்த்துவிட்டால், எல்லாப் புலங்களையும் நிரப்பும் பழக்கமுள்ள நிரல் அதையும் நிரப்பித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இதில் ஓர் எச்சரிக்கை தேவை: பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அந்தப் புலத்தைப் படித்துவிடாதபடியும், உலாவியின் தானாக நிரப்பும் வசதி அதைத் தொடாதபடியும், விசைப்பலகையின் தாவல் விசை அங்கே சென்று நிற்காதபடியும் அமைக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் பொறியில் சிக்குபவர்கள் உண்மையான மனிதர்களாகவே இருப்பார்கள். இதனோடு சேர்த்து, படிவம் திறந்ததற்கும் அனுப்பப்பட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை வழங்கியில் கணக்கிடலாம். ஐந்து புலங்களை இரண்டு நொடிகளில் நிரப்பும் மனிதர் அரிது.

கேப்சா என்ற பெயரைச் சூட்டிய லூயிஸ் வான் ஆன், மானுவல் புளும், நிக்கோலஸ் ஹாப்பர், ஜான் லாங்ஃபோர்டு ஆகியோர் 2003இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். மனிதரால் எளிதில் தீர்க்கவும் இயந்திரத்தால் தீர்க்க இயலாமலும் இருக்கும் புதிர் என்பதே அதன் அடிப்படை. அந்த அடிப்படை இன்று இரண்டு பக்கங்களிலிருந்தும் ஆட்டங்கண்டுவிட்டது: படத்தை அடையாளங்காணும் நிரல்கள் மிகவும் தேறிவிட்டன, தேறாத இடங்களில், சொற்பக் கூலிக்கு மனிதர்களை அமர்த்திப் புதிர்களைத் தீர்த்துத் தரும் சேவைகள் இருக்கின்றன. எனவே கேப்சாவைச் சுவராக எண்ணாமல், வருபவரின் செலவைச் சற்றே உயர்த்தும் சுங்கச்சாவடியாக எண்ணுவது பொருந்தும். கூகுளின் ரீகேப்சா மூன்றாம் பதிப்பு, புதிர் எதையும் காட்டாமல் வந்தவர் மனிதராக இருக்கும் வாய்ப்பைக் காட்டும் 0 முதல் 1 வரையிலான ஒரு மதிப்பெண்ணை மட்டும் தருகிறது. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2022இல் கேப்சாவுக்கு மாற்றாக வெளியிட்ட டர்ன்ஸ்டைலும் பெரும்பாலான வேளைகளில் பயனரைப் புதிர் கேட்டு வருத்துவதில்லை. மங்கலான போக்குவரத்து விளக்குகளை எண்ணச் சொல்லி மனிதரைச் சோதிப்பதைவிட இவ்வகைக் கருவிகள் மேலானவை என்பது என் கருத்து.

சிறிய களங்களுக்கு அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. உங்கள் களம் எதைப் பற்றியதோ, அதில் ஆர்வமுள்ள எவருக்கும் தெரிந்திருக்கும் ஒரு கேள்வியைப் பதிவுப் படிவத்தில் கேளுங்கள். சதுரங்கக் களம் என்றால், ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு தரப்பிடம் எத்தனைக் காய்கள் இருக்கும் என்று கேட்கலாம். இன்றைய மொழி மாதிரிகள் இதற்கு நொடியில் விடை சொல்லிவிடும் என்பது உண்மைதான்; ஆயினும் ஆயிரக்கணக்கான தளங்களைக் குறிவைக்கும் நிரல், ஒரு சிறிய களத்தின் தனிப்பட்ட கேள்விக்காக மெனக்கெடுவது குறைவு. கேள்வியை அவ்வப்போது மாற்றுங்கள், "மூன்றும் நான்கும் சேர்ந்தால் எத்தனை?" போன்றவற்றைத் தவிருங்கள், ஏனெனில் அத்தகைய கேள்விகளுக்கான விடைகள் ஸ்பேம் நிரல்களில் எப்போதோ ஏறிவிட்டன.

மின்னஞ்சலை உறுதிப்படுத்துவது கட்டாயம். அதே வேளையில், ஒரே முகவரிக்கும் ஒரே ஐபிக்கும் இத்தனை மணி நேரத்தில் இத்தனை உறுதிப்படுத்தல் மடல்கள் மட்டுமே என்று வரம்பும் வைத்தால்தான், முன்னர் சொன்ன ஐந்தாம் வகைத் தாக்குதலுக்கு உங்கள் களம் துணைபோகாது. ஜிமெயில் முகவரிகளில் பெயருக்கு நடுவே வரும் புள்ளிகள் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. கூட்டல் குறிக்குப் பின்னால் எதைச் சேர்த்தாலும் மடல் அதே பெட்டிக்குத்தான் போகும். எனவே ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு பல பத்துக் கணக்குகளைத் திறக்க முடியும். முகவரிகளை ஒப்பிடும்போது இவற்றைக் களைந்துவிட்டு ஒப்பிட வேண்டும். ஆனால் கூட்டல் குறி இட்ட முகவரியையே மறுப்பது தவறு. அதை ஒழுங்காகப் பயன்படுத்தும் கவனமான உறுப்பினர்கள் பலர் இருக்கிறார்கள்.

ஐபி முகவரியைத் தடுப்பது, பார்வைக்கு வலிமையானதாகத் தோன்றினாலும், மிக எளிதில் நிரபராதிகளைத் தாக்கும் ஆயுதம். கைப்பேசி இணையச் சேவைகள் பலவற்றில் ஆயிரக்கணக்கானோர் ஒரே ஐபிவி4 (பழைய வகை ஐபி) முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த ஒன்றைத் தடுத்தால் அத்தனை பேருக்கும் கதவு அடைபடும். புதிய வகையான ஐபிவி6இல் நிலைமை நேர்மாறானது: ஒரு வீட்டு இணைப்புக்கே குறைந்தது /64 என்ற அளவிலான, எண்ணற்ற முகவரிகள் கொண்ட ஒரு தொகுதி வழங்கப்படுவது வழக்கம் என்பதால், தனி முகவரி ஒன்றைத் தடுப்பதில் பயனில்லை, தொகுதியைத்தான் நோக்க வேண்டும். போதாக்குறைக்கு, பிறர் வீட்டு இணைப்புகளின் வழியே போக்குவரத்தைத் திருப்பிவிடும் பதிலி வலையமைப்புகளும் விலைக்குக் கிடைக்கின்றன. ஆகவே ஐபி தடைகளுக்கு எப்போதும் ஒரு காலாவதித் தேதி வையுங்கள். ஒரு நாட்டையே தடுக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள்.

ஸ்டாப் ஃபோரம் ஸ்பேம் என்ற பொதுத் தரவுத்தளம், ஸ்பேம் செய்பவை என்று பிற களங்கள் முறையிட்ட ஐபி, மின்னஞ்சல், பயனர்பெயர் ஆகியவற்றைத் தொகுத்து வைத்திருக்கிறது. 2005 முதல் இயங்கிவரும் அகிஸ்மெட் சேவை, எழுத்தின் உள்ளடக்கத்தையும் சேர்த்து மதிப்பிடுகிறது. இரண்டும் பயனுள்ளவை. ஆனால் இவற்றின் சொல்லைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், பல சாட்சிகளில் ஒரு சாட்சியாகக் கொள்ள வேண்டும். உறுப்பினரின் ஐபியும் மின்னஞ்சலும் வெளியாருக்கு அனுப்பப்படுகின்றன என்பதை உங்கள் தனியுரிமைக் கொள்கையில் எழுதிவைப்பதும் உங்கள் கடமை.

ஏன் தீர்ப்பாகக் கொள்ளக்கூடாது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ஒரு மாதத்தில் 1,000 பேர் பதிவு செய்கிறார்கள், அவர்களில் 20 பேர் மட்டுமே பாட் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வடிகட்டி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை சரியாகச் சொல்லும் என்றும் கொள்வோம். அது 20 பாட்களில் 19ஐப் பிடித்துவிடும். மீதமுள்ள 980 மனிதர்களில் நூற்றுக்கு ஐந்து பேரை, அதாவது 49 பேரை, பாட் என்று தவறாகச் சொல்லும். தடுக்கப்பட்ட 68 பேரில் பெரும்பான்மையோர் மனிதர்கள்! அவர்களில் எத்தனை பேர் உங்களுக்கு எழுதி முறையிடுவார்கள்? பெரும்பாலோர் வேறோர் இடம் தேடிப் போய்விடுவார்கள், அவர்கள் வந்ததே உங்களுக்குத் தெரியாது. வடிகட்டியின் சொல்லைக் கேட்டு உடனே கதவை அடைக்காமல், ஐயத்துக்குரியவரை உள்ளே விட்டுவிட்டு அவருடைய முதல் பதிவை மட்டும் ஒப்புதல் வரிசையில் நிறுத்துவதே இந்தக் கணக்கு காட்டும் வழி.

படி 4: புதியவருக்கு உரிமைகளைப் படிப்படியாக வழங்குங்கள்

ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். வாயிற்சோதனை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சில கணக்குகள் உள்ளே வந்தே தீரும். வந்த பிறகு அவற்றால் ஆதாயம் பெற முடியாது என்றால், வந்ததனால் பெரிய கேடில்லை.

டிஸ்கோர்ஸ் என்ற கருத்துக்கள மென்பொருளில் உறுப்பினர்களுக்கு 0 முதல் 4 வரை நம்பிக்கை நிலைகள் உள்ளன. அதன் இயல்பான அமைப்பில், ஒருவர் ஐந்து இழைகளுக்குள் சென்று, முப்பது பதிவுகளைப் படித்து, மொத்தம் பத்து நிமிடங்களையேனும் வாசிப்பில் செலவிட்ட பிறகே சுழிய நிலையிலிருந்து முதல் நிலைக்கு உயர்கிறார். படிப்பதை அளவுகோலாகக் கொண்டது இதில் உள்ள நுட்பம்: களத்துக்கு உண்மையிலேயே வரும் மனிதர் அதை அறியாமலேயே கடந்துவிடுவார், இணைப்பை இட்டுவிட்டு ஓட நினைக்கும் நிரலுக்கோ அது வீண் செலவு. பிஎச்பிபிபி மென்பொருளிலும் புதிதாகச் சேர்ந்தவர்களைத் தனிக் குழுவில் வைத்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில் பதிவுகள் ஒப்புதல் பெற்ற பின் அவர்களை விடுவிக்கும் வசதி உள்ளது. வேறு மென்பொருளைப் பயன்படுத்துவோரும் பயனர் குழுக்களைக் கொண்டு இதே ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம்.

எந்த உரிமைகளை நிறுத்திவைப்பது? முதலாவது, இணைப்பு. 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்எஸ்என் ஆகிய மூன்று தேடுபொறிகளும் 'நோஃபாலோ' என்ற குறிப்பை ஏற்றுக்கொண்டன. அக்குறிப்புள்ள இணைப்பு, தேடல் தரவரிசையில் செல்வாக்குப் பெறாது என்பது அன்றைய ஏற்பாடு. 2019இல் கூகுள், பயனர்கள் இடும் இணைப்புகளுக்கென்றே 'யுஜிசி' (பயனர் உருவாக்கிய உள்ளடக்கம்) என்ற குறிப்பையும் சேர்த்தது. இவற்றை இடத்தான் வேண்டும். ஆனால் இவற்றை இட்டதனால் ஸ்பேம் நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஏனெனில் இணைப்புகளை வாரி இறைக்கும் நிரல் உங்கள் பக்கத்தின் மூலநிரலைப் படித்துப் பார்த்து முடிவெடுப்பதில்லை. புதியவர் எழுதும் முகவரி, சொடுக்கக்கூடிய இணைப்பாக மாறாமல் வெறும் எழுத்தாகவே நிற்கும்படி செய்வதும், அதுவும் ஒரு பதிவில் ஒன்றிரண்டுக்கு மேல் கூடாது என்பதும் இன்னும் உறுதியான வழி.

அடுத்தது தன்விவரப் பக்கம். முதல் நிலையை எட்டாதவர்களின் இணையதள முகவரியையும் கையொப்பத்தையும் பிறருக்குக் காட்டாதீர்கள். அந்தப் பக்கங்களைத் தேடுபொறிகள் அட்டவணைப்படுத்தாதபடி குறியிடுங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்ததும், எழுதாத கணக்குகளின் பெரும்படையைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அவசியமே பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. கணக்குகள் அங்கேயே கிடக்கலாம், அவற்றால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

தனிமடலைப் பொறுத்தவரை சற்றுக் கடுமையாகவே இருக்கலாம். புதியவர், பதிவுகளைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர்களுக்கும், தனக்கு முதலில் மடல் அனுப்பியவர்களுக்கும் மட்டும் எழுத முடிந்தால் போதும். அதன் பிறகும் நாளொன்றுக்கு இத்தனை புதிய நபர்கள் என்ற வரம்பு நீடிக்கட்டும். பழைய பதிவைத் திருத்தும் உரிமைக்கும் கால எல்லை வேண்டும். எழுதி ஒரு நாள் கழிந்த பிறகு புதியவர் திருத்தினால், அத்திருத்தம் ஒப்புதல் வரிசைக்கு வரும்படி அமைத்தால், உறங்கும் கணக்குகளின் முக்கியமான தந்திரம் அடைபட்டுவிடும்.

முதல் பதிவை நிறுத்திவைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. ஒருவர் தயங்கித் தயங்கித் தன் முதல் கேள்வியை எழுதி அனுப்புகிறார்; அது எங்கும் தோன்றவில்லை; இரண்டு நாள் கழித்து ஒப்புதல் கிடைக்கும்போது அவர் களத்தையே மறந்துவிட்டிருப்பார். இப்படி இழக்கப்படும் ஒருவர், களத்தில் சில மணி நேரம் தங்கிவிட்ட ஒரு ஸ்பேம் பதிவைவிடப் பெரிய நட்டம். எனவே, பதிவை அனுப்பியவுடனேயே "உங்கள் பதிவு கிடைத்தது, முதல் பதிவுகளை மட்டும் ஒருவர் படித்துப் பார்த்த பின் வெளியிடுகிறோம், வழக்கமாக இவ்வளவு நேரம் ஆகும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்குள் முடிக்கும் அளவுக்கு மட்டுறுத்துநர்கள் இல்லையென்றால், எல்லாரையும் நிறுத்தாமல், இணைப்பு உள்ள முதல் பதிவுகளை மட்டும் நிறுத்துங்கள்.

படி 5: எழுத்தை வடிகட்டுங்கள்

சொற்பட்டியலைக் கொண்டு வடிகட்டுவதில் உள்ள இடர், ஸ்கந்தோர்ப் என்ற ஆங்கிலேய ஊரின் பெயரால் அறியப்படுகிறது. 1996இல் அவ்வூர்க்காரர்கள் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முடியாமற் போயிற்று, ஏனெனில் ஊர்ப்பெயரின் நடுவே ஓர் ஆபாசச் சொல்லின் எழுத்துகள் தொடர்ச்சியாக வந்தன. சொல்லின் எல்லையைப் பார்க்காமல் எழுத்துச் சரத்தை மட்டும் தேடும் எந்த வடிகட்டிக்கும் இதே கதிதான். தவிர, லத்தீன் எழுத்துக்குப் பதிலாக அதே தோற்றமுள்ள சிரிலிக் எழுத்தை இட்டோ, இடையில் கண்ணுக்குத் தெரியாத சுழிய அகல எழுத்தைச் செருகியோ இந்த வடிகட்டியை எளிதில் ஏமாற்றிவிடலாம். ஒப்பிடுவதற்கு முன் எழுத்துகளை யூனிகோடு விதிகளின்படி இயல்பாக்கி, இத்தகைய கலப்பைத் தேட வேண்டும். ஆனால் சுழிய அகல எழுத்துகளில் சில, பல மொழிகளின் முறையான எழுத்துமுறைக்கே தேவைப்படுபவை என்பதால், ஒப்பிடுவதற்கான பிரதியில் மட்டும் அவற்றை நீக்குங்கள், உறுப்பினர் எழுதிய மூலத்தில் கைவைக்காதீர்கள்.

சொல்லைவிட இணைப்பின் களப்பெயரைக் கொண்டு வடிகட்டுவது பலன் தரும். ஸ்பேம் எழுதுபவர் வாசகத்தை ஆயிரம் விதமாக மாற்றலாம். போய்ச்சேர வேண்டிய இடத்தை அவ்வளவு எளிதாக மாற்ற முடியாது. இரண்டாம் படியில் சேர்த்துவைத்த தளப் பெயர்கள் இங்கே உதவும். முகவரியைச் சுருக்கித் தரும் சேவைகளின் இணைப்புகளைப் புதியவர்களிடமிருந்து ஏற்காமல் இருப்பதும் தகும், ஏனெனில் அவை போகுமிடத்தை மறைக்கின்றன.

போதிய பழைய பதிவுகள் உள்ள களங்கள் பேயசின் நிகழ்தகவு முறையிலான வடிகட்டியைப் பயிற்றுவிக்கலாம். ஸ்பேம் என்று குறித்தவை, நல்லவை என்று குறித்தவை ஆகிய இரண்டு குவியல்களையும் உங்கள் களத்திலிருந்தே கொடுத்தால், மருத்துவக் களத்தில் மருந்தின் பெயர் இயல்பானது, நூல் விமர்சனக் களத்தில் இயல்பன்று என்பதை அது தானே கற்றுக்கொள்ளும். எந்த வடிகட்டியாக இருந்தாலும், அது எதையும் தானாக அழிக்கக்கூடாது. மனிதர் பார்க்கும் வரிசைக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்துவிட வேண்டும்.

படி 6: பிழையற்ற நடையில் எழுதும் இயந்திரத்தை அடையாளங்காணுதல்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், ஸ்பேம் என்றாலே பிழை மலிந்த நடை என்ற பழைய நம்பிக்கைக்கு இடமில்லாமற் போனது. அடுத்த மாதமே, நிரலாளர்களுக்கான கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃபுளோ, அதைக் கொண்டு எழுதப்படும் விடைகளுக்குத் தற்காலிகத் தடை விதித்தது. விடைகள் சரியானவை போலத் தோன்றிப் பெரும்பாலும் தவறாக இருந்ததே காரணம். அந்த எழுத்தைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் கருவிகளை நம்பி எவரையும் தடை செய்யாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. தாய்மொழியல்லாத மொழியில் எழுதுவோரை இத்தகைய கருவிகள் இயந்திரம் என்று தவறாகக் குறிக்கும் போக்கும் ஆய்வில் வெளிப்பட்டிருக்கிறது.

நடையை விட்டுவிட்டு நடத்தையைப் பாருங்கள். கேட்டவர் சொன்னதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்லிவிட்டு, எவரும் மறுக்க முடியாத பொது அறிவுரை ஒன்றோடு முடியும் மறுமொழிகள்; ஒன்றோடொன்று தொடர்பற்ற ஏழு பகுதிகளில் ஒரே மணி நேரத்தில் எழுதப்பட்ட நீண்ட பத்திகள்; இழையில் ஏற்கெனவே தீர்ந்துவிட்ட சிக்கலுக்கு மீண்டும் தீர்வு சொல்வது; எவர் எதிர்க்கேள்வி கேட்டாலும் திரும்பி வராதது ஆகியவை சேர்ந்து வரும்போது ஐயம் வலுக்கும். சோதிப்பதற்கு எளிய வழி, அந்த இழையிலேயே மரியாதையாக ஒரு குறிப்பான கேள்வி கேட்பது. "நீங்கள் இதைச் செய்தபோது எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீர்கள்?" என்பதற்கு மனிதர் சுருக்கமாக, சில வேளை எரிச்சலோடுகூட, விடை சொல்வார். எழுதுபவர் மனிதரே, ஆனால் இயந்திரத்தின் துணையோடு எழுதுகிறார் என்றால், அது வேறு விவகாரம். அதைக் களத்தின் விதிகள் தீர்மானிக்கட்டும், ஸ்பேம் தடுப்பு முறையைக் கொண்டு அதைத் தீர்க்க முயல வேண்டாம்.

படி 7: பழைய உறுப்பினர் திடீரென்று மாறினால்

ஆறு ஆண்டுகளாக அமைதியாக எழுதிவந்தவர் ஒரு நாள் நள்ளிரவில் இருபது சூதாட்ட இணைப்புகளை இட்டால், அவருக்குப் பணத்தாசை பிடித்துவிட்டது என்று கொள்ள வேண்டாம். வேறொரு தளத்திலிருந்து கசிந்த அவருடைய கடவுச்சொல்லை, அதே மின்னஞ்சலோடு சேர்த்து, உங்கள் களத்தில் யாரோ முயன்று பார்த்திருக்கிறார்கள். கணக்கைத் தற்காலிகமாக முடக்கி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, கடவுச்சொல்லை மீட்டமையுங்கள். மின்னஞ்சல் முகவரி அண்மையில் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, மாற்றப்பட்டிருந்தால் பழைய முகவரிக்கே எழுதுங்கள். அந்த இரவில் இட்ட பதிவுகளை மட்டும் நீக்குங்கள். ஆறு ஆண்டு எழுத்தும் ஒரே பொத்தானில் போய்விடும் வகையிலான நீக்கல் வசதியைப் பழைய கணக்குகளுக்கு முடக்கியே வையுங்கள். மட்டுறுத்துநர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பைக் கட்டாயமாக்குவதில் விதிவிலக்கே வேண்டாம்.

படி 8: சேர்ந்த குப்பையைக் களையுங்கள்

இப்போதுதான் நீக்கும் வேலை. முதலில் எளியவை: மின்னஞ்சலை உறுதிப்படுத்தாமல் ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கும் கணக்குகளை மொத்தமாக நீக்கலாம். அடுத்து, ஒரு பதிவும் எழுதாமல், தன்விவரத்தில் இணைப்பு மட்டும் வைத்திருப்பவை. எழுதாதவர்கள் எல்லாரையும் ஒரே வீச்சில் நீக்கிவிடக்கூடாது, ஏனெனில் எந்தக் களத்திலும் வாசிப்பதோடு நின்றுவிடும் உறுப்பினர்களே மிகுதி. கடைசியாக உள்நுழைந்த தேதியைப் பார்த்தால் அவர்களைத் தனியே பிரித்துவிடலாம். பிறகு ஒரே இணைப்புத் தளம், ஒரே ஐபி தொகுதி, அடுத்தடுத்த நொடிகளில் பதிவு என்ற பொதுத்தன்மைகளைக் கொண்டு குழுகுழுவாக எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு குழுவிலும் சிலவற்றையேனும் கண்ணால் பார்த்த பின்னரே நீக்குங்கள்.

தரவுத்தளத்தில் நேரடியாகக் கட்டளையிட்டு நீக்கினால், இழைகளின் எண்ணிக்கையும் தேடல் அட்டவணையும் பொருந்தாமற்போகும். மென்பொருளின் நிர்வாகக் கருவியையே பயன்படுத்துங்கள். நீக்கப்பட்ட பக்கங்கள், பக்கம் இல்லை என்று உணர்த்தும் 404 அல்லது 410 என்ற நிலைக்குறியைத் தர வேண்டும். அவற்றை முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், தேடுபொறியின் பட்டியலிலிருந்து அவை மறைய நாளாகும்.

படி 9: தடுக்கப்பட்டவருக்கு ஒரு வழி வையுங்கள்

தடுக்கப்பட்டவர் காணும் பக்கத்தில், களத்தில் உள்நுழையாமலேயே முறையிடக்கூடிய ஒரு முகவரி இருக்க வேண்டும். பாட்கள் முறையிடுவதில்லை என்பதால், வரும் முறையீடுகள் குறைவாகவே இருக்கும்; வருபவற்றைப் படிக்கும்போது தொடக்கத்திலேயே எழுதியவரை நம்பிவிடுவது நல்லது. தன் பதிவுகள் பிறருக்குத் தெரியவில்லை என்பதையே ஒருவர் அறியாதபடி செய்யும் மறைமுகத் தடையை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிரலுக்கு அதனால் எந்த வேறுபாடும் இல்லை. தவறுதலாக அதில் விழுந்த மனிதரோ, எவரும் விடை சொல்லாத வெற்றிடத்தில் வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்.

மட்டுறுத்துநர்கள் ஒவ்வொரு தடைக்கும் ஒரு வரியில் காரணம் எழுதட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பதிவேட்டை எடுத்து, எந்த விதி எத்தனை ஸ்பேமைப் பிடித்தது, எத்தனை மனிதர்களைத் தவறாக நிறுத்தியது என்று எண்ணிப் பாருங்கள். பிடிப்பதைவிட அதிகமாகத் தவறிழைக்கும் விதியை, அதை எழுதியவர் நீங்களே ஆனாலும், அன்றே நீக்கிவிடுங்கள்.